தேகளீசன்

தேகளீசன் என்பது கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில் எழுந்தருளியுள்ள உலகளந்த பெருமாளின் வடமொழிப் பெயர். வேதாந்த தேசிகர் (1268-1369) இப்பெருமாள்மீது தேகளீச ஸ்துதி இயற்றினார்.

பொருள்: தேகளீ (வாசற்படி) + ஈசன் (தலைவன்).

தோற்றம்: பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் பெருமாளைக் கோவலூர் இடைகழியில் நிற்பவராகப் பாடினார். வெளிவாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடைப்பட்ட நடையே இடைகழி, பேச்சுவழக்கில் ரேழி. ஒருவர் படுக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவுமே இடமிருந்த அந்த இடைகழியில், மழையிரவில் ஒதுங்கிய முதலாழ்வார் மூவரை நான்காமவராக நெருக்கியவர் பெருமாள் என்பது குருபரம்பரைச் செய்தி.

மதிப்பீடு: வாசற்படியில் ஒருவர் படுக்க இயலாது. எனவே 'வாசற்படித் தலைவன்' என்ற நேர்ப்பொருள் இக்கதைக்குப் பொருந்தாது; 'இடைகழியில் அடியாரை நெருங்கி நின்றவன்' என்பதே பொருந்தும். உலகையே அளந்தவன் ஒரு ரேழிக்குள் ஒடுங்கி நின்ற எளிமையை வடசொல்லைவிடத் தமிழ்ச்சொல்லே தெளிவாகக் காட்டுகிறது.