சித்திரக்கதை மரபுகளும் ஈழத்துக் கோடும்

சித்திரக்கதையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. பாடசாலை நூலக இறாக்கைகளில் அதற்கு இடம் கிடைப்பது அரிது. இலக்கிய விழா மேடைகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்து உரும்பிராய், கோண்டாவில், கோப்பாய்ப் பக்கங்களில் வளர்ந்த பலரை வாசிப்புக்குள் கைபிடித்து அழைத்துச் சென்றது அதுதான். அந்தக் கதைகளின் நாயகர்களில் பலர் இலண்டனில் பிறந்தவர்கள். நம் ஊர்க் கைகள் வரைந்தவை மிகச் சில. ஏன் அப்படி நேர்ந்தது, இனி என்ன செய்யலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரித்தானிய மரபு

டண்டி நகரின் டி. சி. தொம்சன் நிறுவனம் 1937 இல் டான்டி, 1938 இல் பீனோ என்ற சித்திரக்கதை இதழ்களைத் தொடங்கியது. 1950 இல் மார்கஸ் மொறிஸ் என்ற பாதிரியார் ஈகிள் வார இதழை ஆரம்பித்தார். அதில் பிராங் ஹாம்ப்சன் வரைந்த டான் டேர் தொடர், அச்சுத் தரத்திலும் வரைதிறனிலும் புதிய அளவுகோலை நிறுவியது. போருக்குப் பின் 1959 வரை அமெரிக்க இதழ்களின் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடும் உள்ளூர் இதழ்களுக்கு உதவியது. வாரந்தோறும் பக்கம் நிரப்பியாக வேண்டும் என்ற தேவையே இளம் ஓவியர்களுக்குப் பயிற்சிக்கூடமாயிற்று.

அந்த மரபின் குறையும் அதற்குள்ளேயே இருந்தது. கதையும் பாத்திரமும் பதிப்பகத்தின் சொத்து. டான் டேரைப் படைத்த ஹாம்ப்சனுக்கே அந்தப் பாத்திரத்தின் மீது உரிமை இருக்கவில்லை. பெரும்பாலான வார இதழ்கள் ஓவியரின் பெயரைக்கூட அச்சிடவில்லை. 1977 இல் வெளிவரத் தொடங்கிய 2000 ஏ.டி. இதழ்தான் அந்த வழக்கத்தை உடைத்தது. அதற்குள் அமெரிக்கப் பதிப்பகங்கள் கூடுதல் ஊதியத்தோடு அழைத்தன. அலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் சேர்ந்து படைத்த வாட்ச்மென் 1986 இல் நியூயோர்க்கிலிருந்தே வெளிவந்தது. மூர் 2000 ஏ.டி. இதழில் எழுதிவந்த ஹேலோ ஜோன்ஸ் கதை, உரிமைப் பிணக்கால் முடிவுறாமலே நின்றுபோயிற்று. 2012 டிசம்பரில், எழுபத்தைந்தாவது பிறந்தநாளன்று, டான்டியின் அச்சுப் பதிப்பும் நின்றது. திறமை அந்த நாட்டில் ஒருபோதும் வற்றியதில்லை. திறமையைத் தக்கவைக்கும் ஏற்பாடுதான் தளர்ந்தது.

சிவகாசி வழி வந்த மரபு

பிரித்தானியக் கதைகள் நம்மிடம் வந்தது சிவகாசி வழியாக. சௌந்தரபாண்டியன் 1972 இல் முத்து காமிக்ஸைத் தொடங்கி, முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தார். இந்த மாயாவி 1962 இல் வலியன்ட் இதழில் பிறந்தவர். அவரை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். 1984 யூலையில் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸின் முதல் கதாநாயகி மாடஸ்டி பிளெய்ஸும் இலண்டன் நாளேட்டில் பிறந்தவர்தான். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டை அறிமுகப்படுத்தியது. பின்னர் இத்தாலிய டெக்ஸ், பெல்ஜியத்து லக்கி லூக் என்று அந்த மரபு விரிந்தது.

இந்த மொழிபெயர்ப்பு மரபுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். கட்டத்துக்குள் கதையை எப்படி நகர்த்துவது, எந்த இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தி வாசகனைக் காத்திருக்க வைப்பது என்பதை அதுவே நமக்குக் காட்டியது. ஆயினும் அதன் தெருக்களில் பனையில்லை, கிடுகு வேலியில்லை. நம் வீட்டுப் பேச்சும் இல்லை.

சிரித்திரன் மரபு

அந்தக் குறையைத் தீர்த்தவர் சிரித்திரன் சுந்தர் என்று அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம். அறுபதுகளில் அவர் தொடங்கிய சிரித்திரன், சித்திரத்தை முதன்மையாகக் கொண்ட ஈழத்து நகைச்சுவைச் சஞ்சிகை. சவாரித் தம்பர், சின்னக்குட்டி, மெயில் வாகனத்தார், மைனர் மச்சான் ஆகியோர் படலை திறந்து வெளியே வந்தால் நாம் காணக்கூடிய மனிதர்கள். தம்பரின் வேட்டிக்கட்டும் நிற்கும் நிலையும் பேச்சின் இழுவையும் யாழ்ப்பாணத்துக்கே உரியவை. சொற்சிக்கனமும் கோட்டுச்சிக்கனமும் ஒன்றுக்கொன்று இசைந்து நின்ற அந்தத் தரத்தை நாம் இன்னும் தாண்டவில்லை.

சுந்தர் உழைத்த சூழல் எளிதானதன்று. அச்சுக்கோர்ப்புக் காலத்தில் ஒவ்வொரு சித்திரத்துக்கும் தனியே புளொக் செய்ய வேண்டும், அது பணச்செலவு. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது ஈழத்து வெளியீடுகள் தழைத்தன. 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்டதும் தமிழக இதழ்கள் மீண்டும் நிறைந்தன. தடை அவகாசம் தரும், மரபைத் தராது. அந்த அவகாசத்தில் சிங்களச் சகோதரர்கள் சித்திரக்கதைக்கென்றே வார இதழ்கள் நடத்தினர். 1951 இல் லங்காதீபவில் ஜி. எஸ். பெர்னாண்டோ தொடங்கிவைத்த மரபு அவற்றில் கிளைவிட்டது. நமக்கு அத்தகைய வார இதழ் வாய்க்கவில்லை. பிறகு போர் வந்தது, அச்சுத்தாளும் அரிதாயிற்று. 1995 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 1996 மார்ச்சில் சுந்தர் மறைந்தார். அவருடைய கோட்டைத் தொடர ஒரு பட்டறை உருவாகவில்லை.

சாட்சி மரபு

நான்காவதாக, அண்மையில் ஒரு மரபு தோன்றியிருக்கிறது. வன்னியில் ஐ.நா. பணியாளராக இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலொக் வரைந்த வன்னி என்ற நூல் 2019 இல் வெளிவந்தது. போரின் இறுதிக் காலத்தில் ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சித்திரக்கதையாகச் சொல்கிறது அது. பிரித்தானியர் இருவர் நம் துயரை மதிப்போடு பதிந்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டும். அதே வேளையில், அந்தக் காலத்தை உள்ளிருந்து வாழ்ந்த ஒருவர் வரைந்தால் அது வேறொரு நூலாக இருக்கும். அந்த நூலுக்காக நாம் காத்திருக்கிறோம்.

தரத்தின் அளவுகோல்கள்

இம்மரபுகளை ஒப்புநோக்கும்போது சில அளவுகோல்கள் தெளிவாகின்றன. கோட்டில் ஊர் தெரிய வேண்டும்: செம்மண் தோட்டம், துலாக் கிணறு, பலாலி வீதியின் சந்தி. பாத்திரத்தின் பேச்சு அவரவர் வாயில் வருவதாக இருக்க வேண்டும். ஒரு பாத்திரம் மாதந்தோறும் வந்து வாசகரோடு வளர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரைந்தவரின் பெயரும் உரிமையும் ஊதியமும் காக்கப்பட வேண்டும். இந்தக் கடைசி அளவுகோலில் பிரித்தானியா தவறியது. அதன் விலையை அது தன் சிறந்த படைப்பாளிகளை இழந்து கொடுத்தது. நம்மிடையே வரையத் தெரிந்த பிள்ளைகள் சமயச் சித்திரப் போட்டியோடும் பெயர்ப்பலகையோடும் நின்றுபோவதற்கும் காரணம் இதுவே.

இன்று புளொக் செலவில்லை. கைக்கணினியில் வரைந்து அன்றே வெளியிடலாம். சிரித்திரனின் பழைய இதழ்கள் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் எவருக்கும் கிடைக்கின்றன. பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் அவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். வாசிகசாலைகள் சித்திரக்கதைக்கென ஒரு தட்டு ஒதுக்க வேண்டும். உரும்பிராயை வேராகக் கொண்டு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வளரும் பிள்ளைகளையும் இங்குள்ள பிள்ளைகளையும் ஒரே தொடரில் எழுதவும் வரையவும் இணைக்கலாம்.

ஊரில் வெளிவரும் ஒவ்வொரு மலரும் நான்கு பக்கத்தைச் சித்திரக்கதைக்கு ஒதுக்கி, ஓவியரின் பெயரை அச்சிட்டு, அவருக்குரிய பணத்தை முன்கூட்டியே கொடுக்கட்டும். இம்மலர்க் குழுவினரிடம் நான் வைக்கும் வேண்டுகோளும் அதுவே: அடுத்த மலரில் இக்கட்டுரைக்குரிய இடத்தை உரும்பிராய்ப் பிள்ளை ஒருவர் வரைந்த கதைக்குக் கொடுங்கள்.