‘ஹாஜி முராத்’ காட்டும் அதிகாரமும் எரிந்த ஊரும்

ருஷ்ய இலக்கியத்தில் காக்கசஸ் மலைநாடு நெடுங்காலம் வீரமும் காதலும் விளையும் களமாகவே பாடப்பெற்றது. புஷ்கின் 1822இல் வெளியிட்ட ‘காக்கசஸ் கைதி’ அம்மரபுக்கு வித்திட்டது. அதன் பின்னுரை ருஷ்யப் படைத்தலைவர்களின் வெற்றியைப் போற்றுகிறது. இளமையில் அம்மலைநாட்டில் படைப்பணி புரிந்த டால்ஸ்டாய், 1896 முதல் 1904 வரை எழுதித் திருத்திய ‘ஹாஜி முராத்’ குறுநாவலில் அம்மரபை மறுக்கிறார். அவர் மறைவுக்குப் பின், 1912இல் அது அச்சேறியது.

இமாம் ஷமீலுடன் பகைத்து, 1851இல் ருஷ்யரிடம் சரண்புகுந்து, 1852இல் தப்பியோடுகையில் கொல்லப்பட்ட அவார் இனத் தலைவரின் கதை இது. ஜார் முதலாம் நிக்கலாயும் ஷமீலும் கொடுங்கோலராகவே இதில் வருகின்றனர். எனவே இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதே நாவலின் கருத்து என்பாரும் உளர். அக்கருத்து முழுமையுடையதன்று என்பதை மூன்று இயல்களின் வைப்புமுறை உணர்த்தும்.

15ஆம் இயலில் ஜார், செச்சென் ஊர்களை அலைக்கழிக்கவும் உணவுப்பொருளை அழிக்கவும் ஆணையிடுகிறார். 16ஆம் இயலில் அவ்வாணை நிறைவேறுகிறது. பட்லர் என்னும் இளம் அதிகாரிக்குத் தாக்குதல் கவிதையாகத் தோன்றுகிறது. இறந்தோர் அவன் கண்ணில் படுவதில்லை. புஷ்கின் மரபின் நோக்கே அவனுடைய நோக்கு எனலாம். மிகச் சுருங்கிய 17ஆம் இயல் அதே ஊரை ஊராரின் கண்கொண்டு காட்டுகிறது. முன்னர் ஹாஜி முராத்துக்கு விருந்தளித்த சாதோவின் மகன் முதுகில் துப்பாக்கி ஈட்டி பாய்ந்து கிடக்கிறான். பழமரங்களும் தேன்கூடுகளும் எரிந்தன. நீரூற்றும் பள்ளிவாசலும் அசுத்தப்படுத்தப்பட்டன. ஊராரின் உணர்வு வெறுப்பினும் கடியது. இத்தகையோரை மனிதராகவே கருத அவர்களுக்கு இயலவில்லை.

இதன் விளைவே கருதத்தக்கது. ஊர் முதியோர் கூடி, ஷமீலிடம் உதவி வேண்டித் தூதனுப்ப முடிவு செய்கின்றனர். ஷமீலின் கொடுமையை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆயினும் மக்களை அவர்பால் தள்ளியது ஜாரின் ஆணையே. இவ்விரு கொடுமைகளுக்கும் இடையே உள்ள காரணகாரியத் தொடர்பைத் தராசு உவமை மறைத்துவிடுகிறது.

ஷமீல் 1859இல் பணிந்தார். எனினும் 1944இல் செச்சென் மக்கள் முழுவதுமாக நாடுகடத்தப்பட்டனர். 1994இலும் 1999இலும் அங்கு மீண்டும் போர் மூண்டது. ஆணையிட்டவர் எரிந்த ஊரைக் காண்பதில்லை. அவர் காணாததை வாசகர் காணச்செய்வதே 17ஆம் இயலின் பணி. அவ்வியலை மையமாகக் கொள்ளாத எந்தத் திறனாய்வும் இந்நாவலுக்கு நீதி செய்யாது.