பழைய வாகனமும் புதிய வழிகாட்டியும்

யப்பானில் சில ஆண்டுகள் ஓடி, அங்கிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து சேர்ந்த மோட்டார் வாகனம் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு, சாவியைத் திருப்பியவுடனே ஒரு பெண் குரல் மிகுந்த மரியாதையோடு யப்பானிய மொழியில் ஏதோ அறிவிப்பதும், டாஷ்போட்டின் நடுவிலுள்ள திரையில் யப்பானிய எழுத்துக்கள் வரிசையாகத் தோன்றுவதும் பழகிப்போன விஷயங்கள். அந்தக் குரல் சொல்வது வேறொன்றுமில்லை; அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் சுங்கம் செலுத்துவதற்கான ஈ.டி.சி. அட்டை செருகப்படவில்லை என்பதைத்தான். பதினைந்து ஆண்டுகள் கடந்தும் எஞ்சினில் குறை காணமுடியாத அந்த வாகனங்களிலே, உரிமையாளருக்கு ஒருநாளேனும் பிரயோஜனப்படாத உறுப்பு ஒன்று உண்டென்றால், அது அந்தத் திரைக்குப் பின்னால் இருக்கும் வழிகாட்டும் கருவிதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது முதல் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறக்கும் வரையில், இருந்ததைக் கொண்டே நாமெல்லாம் காரியம் பார்த்தோம்; அதற்குப் பின்னரும் புதிய வாகனத்தின் விலை நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திலேயே நிற்கிறது. ஆகையால், நன்றாக ஓடுகிற வாகனத்தை வைத்துக்கொண்டு, அதிலே காலங்கடந்துபோன உறுப்பை மாத்திரம் மாற்றுவது எங்ஙனம் என்பது இன்று பலருடைய கேள்வியாயிருக்கிறது. 2008ஆம் ஆண்டில் தயாரான என்னுடைய ரொயோட்டா அக்ஸியோ 141இல் அந்த மாற்றத்தைச் செய்து, யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் கொழும்புக்குச் செல்லும் நெடும்பாதையிலும் பரீட்சித்துப் பார்த்ததன் பேரில் உண்டான அபிப்பிராயங்களையே இங்கே எழுதுகிறேன்.

பழைய கருவி

கழற்றி எடுத்த கருவியைக் குறைவாகப் பேசுவது நியாயமாகாது. மோட்டார் வாகனத்துக்கு வழி காட்டும் சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த முயற்சியில் யப்பானியரே முன்னின்றார்கள். செயற்கைக்கோளின் உதவி கிட்டாத 1981ஆம் ஆண்டிலேயே ஹொண்டா நிறுவனம், ஹீலியம் வாயுவின் ஓட்டத்தைக் கொண்டு வாகனம் திரும்புவதை அறியும் ஒரு கருவியைச் செய்து, ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்ட வரைபடத்தின் மேல் வாகனம் செல்லும் வழியைக் காட்டியது. 1990இல் பயனியர் நிறுவனம், ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு இயங்கும் கருவியைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. 1996இலிருந்து, பாதை நெரிசல் பற்றிய செய்திகளை வானொலி அலை மூலமாகவே வாகனத்தின் திரைக்கு அனுப்பும் ஏற்பாடும் அங்கே நடைமுறைக்கு வந்தது.

என் வாகனத்தில் இருந்த கருவியும் அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. செயற்கைக்கோளை மட்டும் நம்பியிராமல், சக்கரம் சுழலும் வேகத்தை வாகனத்திலிருந்து ஒரு வயர் மூலமாகப் பெற்றுக்கொண்டு, திரும்பும் திசையைத் தனக்குள்ளே இருக்கும் உணரியால் அறிந்து, சுரங்கப் பாதைக்குள்ளே சமிக்ஞை அறுந்துபோனாலும் தான் நிற்கும் ஸ்தானத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. இந்த ஒரு விசேஷத்தில், இன்று கடைகளில் விற்கும் மலிவான கருவிகள் பல அதற்கு ஈடாகமாட்டா.

ஆனால் அந்த அறிவு முழுவதும் யப்பானிய எல்லைக்குள் அடங்கியது. அதன் நினைவிலுள்ள வரைபடம் அந்த நாட்டுக்கு மட்டும் உரியது. மொழியை மாற்றும் வசதியும் கிடையாது. வானொலியோ யப்பானின் எப்.எம். அலைவரிசைக்கேற்ப 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையில் மட்டும் பிடிக்க, நம்முடைய நிலையங்கள் 87.5 முதல் 108 வரையில் பரந்து கிடக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்று விற்கப்படும் ‘எக்ஸ்பாண்டர்’ என்ற சிறு பெட்டி, மேலேயுள்ள அலைகளைக் கீழே இறக்கிக் கொடுக்கிறது என்பது மெய்தான்; எனினும் ஒலியின் தெளிவு குன்றிப்போவதோடு, திரையில் தோன்றும் எண் நிலையத்தின் உண்மையான எண்ணுக்குச் சம்பந்தமில்லாததாகவும் ஆகிவிடுகிறது. எஸ்.டி. அட்டையில் வரைபடத்தை வைத்து இயங்கும் கருவிகளின் நிலைமை இன்னும் பரிதாபமானது: அட்டை தொலைந்துவிட்டாலோ, பற்றரியை மாற்றிய பின்னர் கருவி இரகசிய எண்ணைக் கேட்டாலோ, பாட்டுக் கேட்பதற்குக்கூட உதவாமல் அது முழுவதும் முடங்கிவிடுவதுண்டு.

மொழியும் நாடும் பற்றிய இந்தக் குறைகள் நமக்கு மட்டும் உரியவை. அவற்றைக் காட்டிலும் ஆழமான குறை ஒன்று, உலகத்தின் எந்த நாட்டிலும் இத்தகைய கருவிக்கு உண்டு. நல்ல வாகனம் இருபது ஆண்டு உழைக்கும்; வரைபடமோ ஓரிரண்டு ஆண்டுகளில் பழையதாகிவிடும். இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுதான் அந்தக் காலத்துச் சிற்பிகள் செய்த ஏற்பாட்டின் பலவீனம். 2008இல் இலங்கைக்கே உரிய துல்லியமான வரைபடத்தை இந்த வாகனத்தில் வைத்து அனுப்பியிருந்தாலும், 2011 ஜனவரியில் திறக்கப்பட்டுக் குடாநாட்டைப் பூநகரியோடு இணைத்த சங்குப்பிட்டிப் பாலத்தை அது அறிந்திராது. அதே ஆண்டு நவம்பரில் திறந்த தெற்கு அதிவேகப் பாதையையோ, 2013இல் திறந்த கட்டுநாயக்கப் பாதையையோ அறிந்திராது. மன்னாருக்குப் போக விரும்புகிறவரை இன்றைக்கும் ஆனையிறவு வழியாகவே சுற்றவைத்துக்கொண்டிருக்கும். காலக் கணக்கிலுங்கூட இப்படித்தான். பழைய ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வாரங்களின் எண்ணிக்கை 1,024க்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பிவிடுவதால், 2019 ஏப்ரல் 6ஆம் திகதி அந்தத் திருப்பம் நேர்ந்தபோது, அதற்கு ஆயத்தம் செய்யப்படாத பழைய கருவிகள் திகதியைத் தவறாகக் காட்டத் தொடங்கின.

ஆகவே, வாகனத்தோடு நிலைத்திருக்க வேண்டியவை திரையும் ஒலிபெருக்கியும் அலைவாங்கியும் கமராவும் மாத்திரமே; வரைபடம் வெளியிலிருந்து வந்து, வேண்டும்போதெல்லாம் புதுப்பிக்கக்கூடியதாய் இருக்கவேண்டும். புதிய கருவியைத் தெரிவு செய்வதிலும் பூட்டுவதிலும் இந்தத் தத்துவத்தையே நான் துணையாகக் கொண்டேன்.

தெரிவு

கடைக்காரர்கள் ‘அன்ட்ரொயிட் செற்றப்’ என்று சொல்லும் கருவிகளில் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது அளவு. யப்பானிய ரொயோட்டா வாகனங்களில் இந்த இடம் 200 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் கொண்டது, உலகப் பொதுவான அளவோ 180 மி.மீ. அகலமே ஆதலால், பொதுக் கருவியை வாங்கினால் இரு பக்கத்திலும் 10 மி.மீ. இடைவெளி தோன்றி, அதை மறைக்கத் தனியாகச் சட்டம் தேடவேண்டியதாகும். 200 மி.மீ. அளவுக்கென்றே செய்த 7 அங்குலத் திரையை நான் தெரிந்துகொண்டேன். 9, 10 அங்குலத் திரைகள் கடையில் பார்க்கும்போது கம்பீரமாகத் தோன்றினாலும், பழைய வாகனத்தின் முகப்பை விட்டு முன்னே தள்ளிக்கொண்டு நின்று, வெயில் வேளையில் கண்ணைக் கூசச் செய்கின்றன. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் கையால் திருகும் குமிழ் உள்ள கருவியை வாங்குவது உத்தமம். பாதையிலிருந்து பார்வையை எடுக்காமலே செய்யக்கூடிய காரியத்தைத் திரையைத் தொட்டுச் செய்யவேண்டிய நிர்ப்பந்தம் ஆபத்துக்கு இடமாகும்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் நினைவகத்தின் அளவையும், எத்தனையாவது அன்ட்ரொயிட் என்ற எண்ணையும் அப்படியே நம்பலாகாது. மிக மலிவான கருவிகளில், திரையில் காட்டும் அந்த எண்களே உண்மைக்கு மாறாக எழுதப்பட்டிருப்பதுண்டு. கடையிலேயே மின்சாரம் கொடுக்கச் சொல்லி, வரைபடத்தையும் பாட்டையும் ஒருமிக்க ஓடவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தும் சுருக்கியும் பார்த்து, தயக்கமில்லாமல் இயங்குவதையே தெரிவு செய்யவேண்டும்.

பூட்டும் வேலை

பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, முகப்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தைக் கீறல் விழாதபடி மெதுவாக நெம்பி எடுத்தால், 10 மி.மீ. சாவி பிடிக்கும் போல்ட்டுகளில் பழைய கருவி தாங்கி நிற்பது தெரியும். அவற்றைக் கழற்றி, கருவியை முன்னே இழுத்துப் பின்புறத்தைப் பார்க்கும்போதுதான் ரொயோட்டா நிறுவனத்தின் ஒழுங்கு நமக்குப் புலனாகிறது. மின்சாரமும் முன்பக்க ஒலிபெருக்கிகளும் பத்து முனைகொண்ட சொக்கற் ஒன்றிலும், பின்பக்க ஒலிபெருக்கிகள் ஆறு முனைகொண்டதிலும், வேகம், பின்செலுத்துகை, கைத்தடை ஆகியவற்றின் சமிக்ஞைகள் ஐந்து முனைகொண்டதிலும் வந்து சேருகின்றன. இவற்றுக்குப் பொருந்தும் மறுபாதிச் சொக்கற்றுகள் தனியாகக் கிடைக்கும். வேலையை ஏற்றுக்கொண்ட இளைஞர் சொன்ன வார்த்தை இன்றும் என் நினைவில் இருக்கிறது: “ஐயா, வயரை வெட்டி முறுக்கினா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும். ஆனா சொக்கற் போட்டுப் பூட்டினா, நாளைக்கு ஆர் கழட்டினாலும் பயமில்லை.” வாகனத்தின் மேல் உண்மையான அக்கறை உள்ள தொழிலாளியின் பேச்சு அது. இந்த வேலையில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் ஒரே நிபந்தனையும் அதுவே: வாகனத்தின் சொந்த வயர் ஒன்றையேனும் வெட்டலாகாது.

இன்னும் சில நுட்பங்கள் உண்டு. வாகனத்தோடு வந்த பின்புறக் கமரா பல ரொயோட்டா வாகனங்களில் 6 வோல்ற்றில் இயங்குவது. புதிய கருவியிலிருந்து 12 வோல்ற்றை நேராகக் கொடுத்தால் அது பழுதாகிவிடக்கூடும் என்பதால், மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் இணைப்பி அவசியம். வானொலி அலைவாங்கிக்கு மின்சாரம் கொடுக்கும் நீல வயரை இணைக்காமல் விட்டுவிட்டு, புதிய கருவியின் வானொலி பலவீனமானது என்று பழி சொல்வோர் பலர். ஜி.பி.எஸ். அலைவாங்கியை உலோகத் தகட்டுக்குக் கீழே ஒளிக்காமல், டாஷ்போட்டின் பிளாஸ்டிக் பரப்புக்குக் கீழே கண்ணாடியை ஒட்டிய இடத்தில் வானத்தை நோக்கி வைக்கவேண்டும். செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து அனுப்பும் சமிக்ஞை நம்மை வந்தடையும்போது மிகவும் மெலிந்திருக்கும். கைத்தடை வயரை உரிய முறையில் இணைத்தால், வாகனம் ஓடும்போது திரையில் படம் ஓடாது. அதை நிலத்தில் இணைத்து அந்தப் பாதுகாப்பை ஏமாற்றுவது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. குடும்பத்தோடு பிரயாணம் செய்கிற எவரும் அதற்குச் சம்மதிக்கலாகாது.

பாதையில்

முதலாவது திருப்தி வானொலியில் கிடைத்தது. நம்முடைய தமிழ் நிலையங்கள் அனைத்தும் தத்தம் எண்ணிலேயே தெளிவாகக் கேட்கின்றன. ஒலியின் தரத்தில் மட்டும், பழைய கருவியின் கனிவு இதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; பாட்டு நின்ற இடைவேளையில் மெல்லிய இரைச்சல் ஒன்று காதில் படுகிறது.

வழிகாட்டும் தொழிலில் இது பழையதைப் பெரும்பாலும் விஞ்சி நிற்கிறது. அமெரிக்க ஜி.பி.எஸ். மட்டுமன்றி ரஷ்யாவின் குளொனாஸ், சீனாவின் பெய்டோ ஆகிய செயற்கைக்கோள் கூட்டங்களையும் கிரகிப்பதால், பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே பிரியும் குறுகிய ஒழுங்கைகளிலும் வாகனத்தின் ஸ்தானம் பிசகாமல் தெரிகிறது. கூகுள் வரைபடத்தில் மொழியைத் தமிழாக்கிவிட்டால், ஊர்ப் பெயர்கள் தமிழிலே தோன்றுவதோடு, திருப்பங்களையும் தமிழ்க் குரலே அறிவிக்கிறது. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவரும் இந்தக் கருவியின் உதவியால் தனியாகக் கொழும்புக்குப் போய்வர இயலும் என்பது சாமானியமான நன்மையன்று.

இதற்கு இணையம் வேண்டும். கைத்தொலைபேசியிலிருந்து அதைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் பூநகரியைக் கடந்து மன்னார் நோக்கிச் செல்கையில் தொலைபேசிச் சமிக்ஞை மெலியும் இடங்கள் உண்டாகையால், புறப்படுமுன் வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் தரவைக் கொண்டு இயங்கும் ஓர்கானிக் மப்ஸ் என்ற செயலி, இலங்கை முழுவதையும் கருவியிலேயே சேமித்துக்கொண்டு இணையமின்றியே வழி சொல்கிறது. அந்தத் தரவில் விடுபட்டிருக்கும் ஒழுங்கையை நாமே சேர்க்கலாம் என்பது இன்னொரு சிறப்பு. நெரிசல் அறிய ஒன்று, இணையம் எட்டாத வழிக்கு ஒன்று என இரண்டையும் வைத்திருப்பது நன்று.

குறைகளையும் சொல்லவேண்டும். வேகத்தை வாகனத்திலிருந்து பெற்று வழி கணக்கிடும் திறமை இதற்கு இல்லாததால், றம்பொடையில் உள்ளதைப் போன்ற சுரங்கப் பாதைக்குள் நுழைந்தால் வெளிவரும் வரையில் கணக்குத் தடுமாறும். சுரங்கங்கள் அரிதான நம் நாட்டில் இது பெரிய நஷ்டமன்று. இதைவிட முக்கியமானது பற்றரி. உடனே விழித்தெழுவதற்காக இக்கருவி வாகனம் நின்ற பிறகும் சிறிதளவு மின்சாரத்தை உட்கொண்டபடி உறங்குகிறது. வாரக்கணக்கில் வாகனத்தை நிறுத்திவைப்பவர்கள், சில மணி நேரத்துக்குப் பின் முற்றாக அணைந்துவிடும்படி அமைப்புப் பக்கத்தில் மாற்றிவிடவேண்டும். அப்படிச் செய்தால் மறுநாள் தொடங்கும்போது சற்று நேரம் காத்திருக்க நேரிடும். செத்த பற்றரியோடு காலையில் போராடுவதைவிட அது மேலானது.

முடிவு

பழைய யப்பானிய வாகனம் வைத்திருக்கும் எவருக்கும் இந்த மாற்றத்தை நான் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். ஆனால் வாங்கும் பணத்தைப் பெரிய திரையில் செலவிடாமல், நல்ல நினைவகத்திலும் பொருத்தமான சொக்கற்றுகளிலும் கமரா இணைப்பியிலும் நிதானமாகச் செலவிடுங்கள். ஈ.டி.சி. பெட்டி தனியாகப் பூட்டப்பட்டிருந்தால் அதன் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பழைய கருவியை எறியாமல் பத்திரப்படுத்துங்கள். வாகனத்தை விற்கும் நாளில் கேட்பவர்கள் இருப்பார்கள். கொடுக்குமுன், அதிலும் புதியதிலும் பதிந்துள்ள வீட்டு முகவரியையும் சென்ற இடங்களையும் அழித்துவிடுவது நம்முடைய கடமை. ஐந்தாறு ஆண்டுகளில் இந்தப் புதிய கருவியும் பழையதாகும் என்பதில் சந்தேகமில்லை. வயர் வெட்டப்படாத வாகனத்தில் அன்றைக்கு இதைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது ஒரு பிற்பகல் வேலையாகவே இருக்கும்.