வலிப்பும் பக்தியும்: இரண்டு பேர் போதுமா?

வலிப்பு நோய் நெடுநாள் நீடித்தால் மனிதனின் குணம் மாறிவிடுமா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லியுடன் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட ‘ஃபேண்டம்ஸ் இன் த பிரெயின்’ நூலில், இக்கேள்வியை ஆராயும் அத்தியாயம் ஒன்று உண்டு.

மூளையின் பக்கவாட்டில், காதை ஒட்டி இருப்பது பொட்டு மடல். அதன் உட்புறத்தில் உணர்ச்சிக்குரிய அமிக்டலா உள்ளது. இங்கு அடிக்கடி வலிப்பு எழும் சிலருக்குப் பக்தி மிகும் என்று மருத்துவர்கள் சிலர் கூறிவந்தனர். ஓயாத மின்கிளர்ச்சி நரம்புப் பாதைகளையெல்லாம் வலுவாக்கி, காண்பதெல்லாம் மனத்தை உலுக்கும்படி செய்கிறதா? அப்படியானால் எல்லாச் சொற்களும் உணர்ச்சியைத் தூண்ட வேண்டும்.

சோதனை எளியது. உணர்ச்சி எழுந்தால் கை வியர்க்கும். தோலின் மின்தடை குறையும். இரு நோயாளிகளுக்குச் சொற்களையும் படங்களையும் காட்டி அதை அளந்தனர். சமயம் சார்ந்தவற்றுக்கே மறுவினை மிகுந்தது, மற்றவற்றுக்குக் குறைந்தது. ஆகவே முதல் ஊகம் அப்படியே பொருந்தவில்லை. ஊகத்தை இப்படி உரைத்துப் பார்ப்பதே நூலின் சிறப்பு.

ஆனால் வாசகர்களே, மின்தடை குறைந்ததை மீட்டர் சொல்லும்; ஏன் குறைந்தது என்று சொல்லாது. மேலும், அவ்விருவரும் சமய நாட்டம் உடையவர்கள் என்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குவியலில் சிவப்புப் பனியன்களையே பொறுக்கி எடுத்துவிட்டு, பனியனெல்லாம் சிவப்பு எனலாமா? இந்நோயாளிகள் எல்லாருமே பக்தராவதில்லை என்று ஆசிரியரே எழுதுகிறார். எனினும் நம் மனத்தில் தங்குவது அந்த எச்சரிக்கையன்று, விந்தைதான்.

பரவலாகக் காணும் பின்விளைவுகள் வேறு: ஞாபக மறதி, மனச்சோர்வு. பொட்டு மடல் வலிப்புள்ள பலருக்கு, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கும். அத்தியாயத்தில் இவை பின்னுக்குப் போய்விடுகின்றன.

திருப்பூரில் இருந்து படிக்கும்போது இது சிறு குறையாகத் தோன்றவில்லை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்குத் தூக்கம் கெடும். தூக்கக் கேடு வலிப்பைத் தூண்டும். வேலை போய்விடுமோ என்று அஞ்சி நோயை மறைப்பவரிடம், ‘உன் குணமே மாறிவிடும்’ என்ற அச்சத்தையும் ஏற்றலாமா? அவருக்குத் தேவை கையில் இரும்பன்று. விடாமல் உட்கொள்ளும் மருந்து. தக்க மருந்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நூலைப் படியுங்கள். ‘எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? அவர்களை எப்படித் தேர்ந்தார்கள்?’ என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.