சுருக்கமும் சிதைவும்

இன்றைய வாசகனுக்கு நேரமில்லை. ஆகவே சுருக்கமாக எழுதுங்கள் என்னும் அறிவுரை எழுதுவோர் அனைவருக்கும் வழங்கப்படுகின்றது. மறுபுறத்தில், நீளமே ஆழமென்று கருதி, ஒரு பக்கத்திற் சொல்லக்கூடியதைப் பத்துப் பக்கங்களுக்கு இழுப்பவரும் நம்மிடையே உளர். இரு சாராரும் எழுத்தைப் பக்கக் கணக்கால் அளப்பவர்களே. எதனை விடலாம், எதனை விடலாகாது என்பதே உண்மையான வினா. இதனை ஆராய, முற்போக்காளர் பலரும் பேசுகின்ற, ஆனால் சிலரே முழுமையாகக் கற்கின்ற நூலொன்றை எடுத்துக்கொள்வோம்.

கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் 1867இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் சிறு சிறு பகுதிகளாக வெளியிட லஷாத்ர் என்னும் வெளியீட்டாளர் விரும்பினார். தொழிலாளருக்கு நூல் எளிதிற் கிடைக்கும் என்பதனால் 1872இல் மார்க்ஸ் அதனை வரவேற்றார். அதேவேளை, முடிவை அறிய அவசரப்படும் வாசகர் கடினமான முதல் அத்தியாயங்களிலேயே சோர்ந்துவிடுவரோ என்றும் அஞ்சினார். ஆயினும் அவ்வத்தியாயங்களை அவர் நீக்கிவிடவில்லை. மொழிபெயர்ப்பைத் தாமே திருத்தினார். பல இடங்களைத் திரும்ப எழுதினார். இவ்வேலை 1875 வரை நீடித்தது. வாசகனுக்காக எழுத்தாளன் மேலும் உழைத்தானேயன்றி, வாசகனுக்குரியதைக் குறைக்கவில்லை.

சுருங்க எழுத மார்க்ஸ் அறியாதவரல்லர். கூலி உயர்வுக்கான போராட்டத்தால் தொழிலாளருக்குப் பயனில்லை என்று ஜோன் வெஸ்டன் என்பார் வாதிட்டபோது, 1865 ஜூன் மாதம் அகிலத்தின் பொதுச்சபையில் அதற்கு மறுமொழி கூறினார். அவ்வுரை பின்னர் 1898இல் சிறு நூலாக வெளிவந்தது. அது சிறிதாயிருப்பதற்குக் காரணம், எடுத்துக்கொண்ட வினா ஒன்றே என்பது. அந்த ஒன்றுக்கு வேண்டிய நியாயங்களில் அவர் சிக்கனம் பிடிக்கவில்லை.

இதற்கு மாறான சுருக்கமும் உண்டு. 1883இல் கபிரியேல் தெவில் 'மூலதன'த்தின் சுருக்கமொன்றைப் பிரெஞ்சில் வெளியிட்டார். அதில் ஏங்கெல்ஸ் கண்ட குறை நம் கவனத்துக்குரியது. மார்க்ஸின் முடிவுகளைத் தெவில் பல இடங்களில் அப்படியே எடுத்தாண்டார். அம்முடிவுகள் எந்நிலைமைகளிற் பொருந்தும் என்ற வரையறைகளை விட்டுவிட்டார். சொற்கள் மார்க்ஸினுடையவை, கருத்தோ அவருடையதன்று. வரையறை இழந்த முடிவு எங்கும் எப்போதும் செல்லும் சூத்திரமாகிவிடுகின்றது. நம்மவர் மேடைகளிலும் இத்தகைய சூத்திரங்களுக்குப் பஞ்சமில்லை.

வரையறை போலவே சான்றும் விடத்தகாதது. வேலை நாளைப் பற்றிய நீண்ட அத்தியாயத்தில், 1863இல் லண்டனில் மாண்ட மேரி ஆன் வாக்லி என்னும் இருபது வயதுத் தையற்காரியை மார்க்ஸ் குறிப்பிடுகின்றார். முப்பது பெண்களை அடைத்த அறையில் இடைவிடாது 26½ மணி நேரம் வேலை செய்தவள் அவள். 'வேலை நேரம் மிகுந்திருந்தது' என்று மூன்று சொற்களிற் சுருக்கலாம். அப்போது தகவல் எஞ்சும், அவள் மறைந்துவிடுவாள்.

அந்த அத்தியாயம் நமது வினாவுக்கே விடையும் தருகின்றது. வாசகனுக்கு நேரமில்லை என்போர், அந்நேரம் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. நாள் முழுவதும் உழைத்துக் களைத்தவனுக்குக் கைத்தொலைபேசித் திரையில் நான்கு வரி போதுமென்பது இரக்கமன்று. அவனது நேரத்தைப் பறித்த ஒழுங்கை அவ்வாறே ஏற்றுக்கொள்வதாகும்.

நன்னூலார் நூலின் அழகுகளிற் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்து, விளங்க வைத்தலை அதனை அடுத்து வைத்தார். குற்றங்களிலோ குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் அருகருகே நிறுத்தினார். இருபுறமும் பிழை நேரக்கூடும் என்பதைப் பவணந்தியார் அறிந்திருந்தார்.

ஆகவே ஒரு வரியை நீக்குமுன் அதன் தொழில் யாதெனக் கேட்போம். அலங்காரமாயின் நீக்குவோம், கூறியது கூறலாயின் தயங்காது நீக்குவோம். வரையறையோ சான்றோ ஆயின், பக்கம் நீண்டாலும் நிறுத்துவோம். பரீட்சைக் குறிப்புகளோடு மாணவரை அனுப்பிவிடும் ஆசிரிய நண்பர்கள், அக்குறிப்பின் பின்னால் மூலநூலின் ஓர் அத்தியாயத்தையேனும் அவர்களோடு அமர்ந்து வாசிப்பார்களாக. முடிவுகளை மட்டும் பெற்ற மாணவன் அவற்றை ஒப்புவிப்பான். அவை பிறந்த வழியைக் கண்டவனே அவற்றைச் சோதிக்கவும், வேண்டுமாயின் மறுக்கவும் வல்லவனாவான்.