ஸ்பேனர் மட்டும் போதுமா?
சுழல் என்ஜினும் வீட்டுக் கருவிப் பெட்டியும்

ஒரு காரின் என்ஜினை முழுவதும் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, மறுபடியும் பூட்டி ஓடவிடுவது வீட்டுக் கொட்டகையில் நடக்கக்கூடிய வேலையா? சாதாரண பிஸ்டன் என்ஜின் என்றால் அனுபவமுள்ள மெக்கானிக்கும் சற்றுத் தயங்குவார். சிலிண்டரை ரீபோர் செய்வதற்காவது பட்டறைக்குப் போயாக வேண்டும் என்பார். ஆனால் வான்கெல் சுழல் என்ஜினைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தொனியே மாறிவிடுகிறது. "மொத்தம் மூன்றே அசையும் உறுப்புகள். வால்வு கிடையாது, கேம் அச்சு கிடையாது. ஒரு மேசையும் சில ஸ்பேனர்களும் இருந்தால் போதும்" என்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பழைய மாஸ்டா கார்களை வைத்திருக்கும் ஆர்வலர்களிடையே இத்தகைய கருவிப் பட்டியல்கள் நெடுங்காலமாகவே புழங்கி வருகின்றன. இந்தப் பட்டியல்கள் சரிதானா என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் என்ஜினைச் சற்றே அறிமுகம் செய்துகொள்வோம். பெலிக்ஸ் வான்கெல் என்ற ஜெர்மானியரின் கருத்துப்படி என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957-இல் இவ்வகை என்ஜின் முதன்முதலாக ஓடியது. ஜப்பானின் ஹிரோஷிமா நகரைச் சேர்ந்த டோயோ கோக்யோ நிறுவனம் (இன்றைய மாஸ்டா) 1961-இல் இதற்கு உரிமம் பெற்று, 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற காரில் பொருத்தியது. வீடுகளில் பெரிதும் பிரிக்கப்படுவது அந்நிறுவனத்தின் 13பி என்னும் என்ஜின். ஒவ்வொன்றும் 654 க.செ.மீ. கொள்ளளவுள்ள இரண்டு அறைக்கூடுகள் இதில் உண்டு. கூட்டின் உட்புறம் இடுப்புச் சிறுத்த நீள்வட்டம் போலிருக்கும். அதற்குள் பக்கங்கள் உப்பிய முக்கோணச் சுழலி ஒன்று உருளும். சுழலி ஒரு முறை சுற்றி வருவதற்குள் நடு அச்சு மூன்று முறை சுற்றிவிடும்.

இதன் கட்டமைப்பை நம் வீட்டு டிபன் கேரியருக்கு ஒப்பிடலாம். இரும்புத் தட்டு, அலுமினியக் கூடு, இரும்புத் தட்டு, அலுமினியக் கூடு, மீண்டும் இரும்புத் தட்டு என ஐந்து அடுக்குகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட்டுகள் இவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. போல்ட்டுகளைக் கழற்றினால் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடுத்துவிடலாம். பிரிப்பது எளிது என்ற கூற்றில் பொய்யில்லை.

ஆனால் 'மூன்றே உறுப்புகள்' என்பது பாதி உண்மை. சுழலி இரண்டு, அச்சு ஒன்று, ஆக மூன்று என்று எண்ணுகிறார்கள். வாயுவைக் கசியாமல் அடைப்பது யார்? ஒவ்வொரு சுழலியின் மூன்று முனைகளிலும் முனை அடைப்பான் மூன்று. மூலைகளில் பொத்தான் போன்ற மூலை அடைப்பான் ஆறு. இரு பக்கங்களிலும் வில்லாக வளைந்த பக்க அடைப்பான் ஆறு. ஒரு சுழலிக்குப் பதினைந்து, என்ஜினுக்கு முப்பது. அவற்றை வெளியே தள்ளும் வில்கள் தனி. எண்ணெய் வளையங்கள் எட்டு தனி. தேய்வதும் இவைதாம், என்ஜினைப் பிரிக்க வைப்பதும் இவைதாம். இந்த முப்பதையும் கணக்கில் சேர்க்காத ஒருவர் எழுதும் கருவிப் பட்டியலில் என்ன இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஸ்பேனர்கள்தான் இருக்கும். பட்டியல்கள் விரிவாகப் பேசும் ஒரே கருவி பிளைவீல் நட்டுக்கான 54 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர். இதில் அவற்றைக் குறை சொல்ல முடியாது, ஏனெனில் இந்த ஒரு நட்டில் பலருடைய முயற்சி நின்றுபோகிறது. இதைப் பூட்டுவதற்கு மாஸ்டா கையேடு கூறும் முறுக்குவிசை 40 முதல் 50 கிலோகிராம் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள குழாயை ஸ்பேனரில் மாட்டி, அதன் நுனியில் 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி நிற்பதற்குச் சமம். பல ஆண்டு ஓடிய என்ஜினில் கழற்றுவதற்கு அதைவிடவும் கூடுதலாக வேண்டியிருக்கலாம். அப்போது அச்சும் சேர்ந்து சுற்றாமலிருக்க பிளைவீலைப் பிடித்து நிறுத்த வேண்டும். கனத்த இரும்புப் பட்டை ஒன்றில் துளையிட்டுக் கூட்டோடு போல்ட் போட்டுவிட்டால் அந்த வேலை முடிந்தது. நட்டு தளர்ந்த பிறகும் பிளைவீல் வராது. கூம்பு வடிவ அச்சில் அது இறுகியிருக்கும். புல்லர் வேண்டும். நட்டை முழுவதும் எடுத்துவிடாமல் சில சுற்று விட்டுவைத்துத்தான் புல்லரை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கனமான சக்கரம் திடீரென்று விடுபட்டுக் காலில் விழும். 'சுத்தியல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பட்டியல்களை நம்பாதீர்கள்.

இனி, பட்டியல்கள் சொல்லாததற்கு வருவோம். என் மனத்தாங்கல் முழுவதும் இங்கேதான்.

பிஸ்டன் என்ஜினில் சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து சற்றுப் பெரிய பிஸ்டனைப் போடுகிறோம். சுழல் என்ஜினில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அறைக்கூட்டின் உட்சுவர் வட்டமன்று. அதன்மேல் மெல்லிய குரோமியப் பூச்சு இருக்கிறது. பூச்சு உரிந்தாலோ ஆழமாகக் கீறப்பட்டாலோ அதைக் கடைந்து சரிசெய்ய வீட்டிலும் வழியில்லை, ஊர் லேத் பட்டறையிலும் வழியில்லை. 1960-களில் மாஸ்டாவின் பொறியாளர்கள் இந்தச் சுவரில் வரிவரியாக விழுந்த அதிர்வுத் தடங்களைப் 'பிசாசின் நகக்கீறல்' என்று அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான குழு, அலுமினியம் ஊட்டிய கரியாலான முனை அடைப்பானைப் பயன்படுத்தித்தான் காஸ்மோ காரை வெளியே கொண்டுவர முடிந்தது. அதே 1967-இல் வெளிவந்த என்.எஸ்.யு. ஆர்.ஓ.80 காரின் பெயரைக் கெடுத்ததும் இந்த முனை அடைப்பானின் தேய்மானமே.

ஆகவே, என்ஜினைத் திறந்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி 'எதை மாற்றுவது' என்பதன்று. 'இந்தக் கூட்டை இனிப் பயன்படுத்தலாமா' என்பதுதான் முதற் கேள்வி. இதற்கு விடை சொல்வது ஸ்பேனரன்று, அளவுகருவி.

பள்ளி ஆய்வகத்தில் கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்திருப்பீர்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. அதே தத்துவமுள்ள, 75 முதல் 100 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் ஒன்று இங்கே தேவை. அறைக்கூட்டின் அகலம் 80 மி.மீ.; பல இடங்களில் அளந்து பார்த்தால் வேறுபாடு 0.06 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. ஏன் வேறுபடுகிறது? பிஸ்டன் என்ஜினில் ஒரே சிலிண்டரில் குளிர்ந்த கலவையும் நெருப்பும் மாறிமாறி வருகின்றன. சுழல் என்ஜினிலோ எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில்தான் நடக்கிறது. எதிர்ப்பக்கம் உள்ளே வரும் கலவையால் குளிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் அடுப்பும் மறுபக்கம் தண்ணீர்ப் பானையுமாக வாழும் உலோகம் கோணாமல் என்ன செய்யும்? (மைக்ரோமீட்டரோடு வரும் 75 மி.மீ. சோதனைத் தண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சுழிப்பிழை காண அதுவே வழி.)

இரும்புத் தட்டுகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்க நேர்விளிம்புச் சட்டமும் பீலர் கேஜும் வேண்டும். வளைவின் எல்லை 0.04 மி.மீ. இங்கே ஒரு வேடிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் பீலர் கேஜ் கட்டுகள் பலவற்றில் மிக மெல்லிய தகடே 0.05 மி.மீ. அந்தத் தகடு நுழையவில்லை என்றால் 'தட்டு நேராக இருக்கிறது' என்று மகிழ்ந்துவிடுவோம். உண்மையில் அது எல்லையைத் தாண்டியிருக்கலாம். 'பீலர் கேஜ் ஒன்று' என்று மட்டும் எழுதும் பட்டியல் உங்களை இந்தக் குழியில்தான் தள்ளுகிறது. 0.02 அல்லது 0.03 மி.மீ.-இல் தொடங்கும் கட்டைக் கேட்டு வாங்குங்கள். தட்டு கோணியிருந்தால் பட்டறையில் தேய்த்துச் சமன் செய்ய முடியும். கூட்டுக்கு இல்லாத சலுகை இது.

இவ்வளவையும் அளந்து முடித்த பிறகே அடைப்பான்களும் ரப்பர் வளையங்களும் அடங்கிய தொகுப்பை வாங்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சேமித்த பணத்தையெல்லாம் தொகுப்பில் கொட்டிவிட்டு, பிறகு கூட்டைத் திறந்து பூச்சு உரிந்திருப்பதைக் காண்கிறார்கள். ஆர்.எக்ஸ்.-7 காரின் உற்பத்தி 2002-இலும், ஆர்.எக்ஸ்.-8 காரின் உற்பத்தி 2012-இலும் நின்றுவிட்டன. 2023-இல் மாஸ்டா மீண்டும் சுழல் என்ஜின் ஒன்றை வெளியிட்டது என்றாலும் அது 830 க.செ.மீ. கொள்ளளவுள்ள ஒற்றைச் சுழலி என்ஜின். அதன் கூடு பழைய 13பி-க்குப் பொருந்தாது.

நிறுவனத்தின் கையேட்டையும் விட்டுவைக்க வேண்டியதில்லை. அளவுகளைத் துல்லியமாகத் தருகிறது; அந்த வகையில் அதற்கு நிகரில்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 49 என்று தொடங்கும் எண்களைக் கொண்ட தனிக் கருவிகளைக் கேட்கிறது. அடைப்பான்களை வைக்கக்கூட ஒரு தனிப்பெட்டி! அதன் நோக்கம் சரியானதே: பழைய அடைப்பானைத் திரும்பப் பயன்படுத்தினால் அது தன் பள்ளத்துக்கே போக வேண்டும். ஆனால் அறைகள் பிரித்த ஏதாவதொரு டப்பாவில் எண் எழுதி ஒட்டிவிட்டால் அதே பயன் கிடைக்கிறது. என்ஜினைத் தாங்கும் நிலைச்சட்டத்துக்குப் பதில் கனத்த மரச்சட்டம் போதும். மாறாக, சுழலியின் உட்புறத் தாங்கியை மாற்ற வேண்டிவந்தால் அழுத்த எந்திரமும் அதற்குரிய அச்சுத்துண்டும் இல்லாமல் கை வைக்கக் கூடாது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாகாது என்று கையேடு பிரித்துச் சொல்வதில்லை. பட்டறைக்காக எழுதப்பட்டதால் அதற்கு அந்தக் கவலை இல்லை போலும்.

வீட்டில் வேலை செய்பவருக்கு ஓர் இடத்தில் பட்டறையைவிட வசதி அதிகம். பக்க அடைப்பானுக்கும் மூலை அடைப்பானுக்கும் நடுவே 0.05 முதல் 0.15 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் வெப்பத்தில் விரிந்து முட்டிக்கொள்ளும்; கூடினால் வாயு கசியும். புதிய அடைப்பானின் நுனியைச் சிறிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, பொருத்தி, தகடு விட்டுப் பார்த்து, மறுபடி இழுத்து என்று பன்னிரண்டு முறை செய்ய வேண்டும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் மெக்கானிக்குக் கட்டுப்படியாகாத பொறுமை இது. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருக்கிறது. அடுக்கும்போது அடைப்பான்கள் விழாமலிருக்கச் சிறிது வாசலின் தடவினால் போதும்.

அடுக்கிய பின் நீண்ட போல்ட்டுகளை 3.2 முதல் 4 கிலோகிராம் மீட்டர் வரை, கையேடு காட்டும் வரிசையில், சில சுற்றுகளாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பிளைவீல் நட்டின் விசையில் இது பத்தில் ஒரு பங்குதான். ஒரே டார்க் ரெஞ்ச் இரண்டுக்கும் சரிவராது. இதையும் பல பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. பிறகு டயல் கேஜை அச்சின் நுனியில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஊசி 0.04 முதல் 0.07 மி.மீ. வரை நகர வேண்டும். நகராவிட்டாலும் கூடுதலாக நகர்ந்தாலும் உள்ளேயிருக்கும் இடைவளையத்தை வேறு நீளமுள்ளதாக மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு கருவி. உண்மையில் முதலில் எடுக்க வேண்டியது. என்ஜினைப் பிரிக்க வேண்டுமா என்பதையே தீர்மானிக்கும் அழுத்தமானி அது. சாதாரண அழுத்தமானியில் ஒருவழி வால்வு இருக்கும். சுழலியின் மூன்று முகங்களில் எது மிக நன்றாக அடைக்கிறதோ அதன் அழுத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஊசி நின்றுவிடும். ஒரு முகம் முற்றிலும் கெட்டிருந்தாலும் 'நலம்' என்றே காட்டும். மூன்றையும் தனித்தனியே காட்டும் மானி விலை கூடியது. அதற்காக மலைக்க வேண்டாம். சாதாரண மானியின் வால்வைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். அச்சு நிமிடத்துக்கு 250 சுற்றுச் சுற்றினால் ஊசி விநாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை துள்ளும். கண்ணுக்கு அது தெரியும். துள்ளல்களை மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள். இரண்டு உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் மாறாமல் வந்துகொண்டிருந்தால், பழுதான முகம் ஒன்று உள்ளே இருக்கிறது. மறு சுழலிக்கும் இதையே செய்து, இரண்டின் விவரத்தையும் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு 54 மி.மீ. ஸ்பேனரைத் தேடப் புறப்படலாம்.