எண் மெய், ஆள் பொய்

2024 ஜனவரி 21. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள். ஆயிரக்கணக்கான வாக்காளர்களுக்கு போன் வந்தது. எடுத்தால் ஜோ பைடனின் குரல்: இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். குரல் செயற்கை நுண்ணறிவில் செய்தது. திரையில் தெரிந்த எண், அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் முன்னாள் தலைவர் ஒருவருடையது. அவருக்கும் அந்த அழைப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உலகம் முழுக்க அந்தக் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு உறுத்துவது எண். ஏனென்றால் அடுத்தவர் எண்ணைக் காட்டி அழைப்பதைத் தடுக்கவே அமெரிக்கா 2019 டிசம்பரில் சட்டம் போட்டது. 2021 ஜூன் 30-க்குள் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் 'ஸ்டிர்/ஷேக்கன்' என்ற சரிபார்ப்பு முறைக்கு வந்தாக வேண்டும் என்று கெடுவும் வைத்தது.

முறை எளிமையானதுதான். இணையம் வழியாகப் போகும் அழைப்பில், அழைப்பவர் எண் என்பது யார் வேண்டுமானாலும் நிரப்பக்கூடிய ஒரு கட்டம். அதனால் அழைப்பை முதலில் ஏற்றிவிடும் நிறுவனம் அதில் ஒரு டிஜிட்டல் கையொப்பம் இட வேண்டும். வாடிக்கையாளரையும் தெரியும், எண்ணும் அவருடையதே என்றால் 'ஏ' தரம். ஆளைத் தெரியும், எண்ணுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றால் 'பி'. எங்கிருந்தோ வந்தது, வாங்கி அனுப்புகிறேன் என்றால் 'சி'. அழைப்பைக் கொண்டு சேர்க்கும் நிறுவனம் அந்தக் கையொப்பத்தைச் சோதிக்கும். நடுவில் யாராவது எண்ணை மாற்றினால் உடனே தெரிந்துவிடும்.

நியூ ஹாம்ப்ஷயர் அழைப்புகளும் கையொப்பத்தோடுதான் போயின. லிங்கோ டெலிகாம் என்ற நிறுவனம் அவற்றுக்கு 'ஏ' தரம் கொடுத்திருந்தது! அந்த எண் வாடிக்கையாளருடையதுதானா என்று துருவிக் கேட்காமல், அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டது. தன் கடைச் சரக்குக்குத் தானே அக்மார்க் முத்திரை குத்திக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு அழைப்புக்கும் காசு வாங்குகிறவரே அதற்கு நற்சான்றும் தருகிறார். இந்த முறையின் ஆகப் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

ஆனால் அதன் பலமும் இதே வழக்கில்தான் தெரிகிறது. கையொப்பம் இட்டவர் பெயர் அழைப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பிப்ரவரி 6-ஆம் தேதியே அழைப்புகளின் ஊற்றை அந்த மாநில அரசு அறிவித்துவிட்டது. லிங்கோ, ஆகஸ்டில் 10 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம். கையொப்பம் இல்லாத காலமாக இருந்தால், 'எங்கிருந்து வந்ததோ, எங்களுக்குத் தெரியாது' என்று லிங்கோ கையை விரித்திருக்கலாம்.

அமெரிக்காவில் போனை எடுப்பவருக்கு இதனால் என்ன பயன்? குறைவுதான். தரம் ஏ-யா சி-யா என்று திரையில் வராது. ஐபோனில் ஒரு சின்ன டிக் வரும். அதுவும் பேசி முடித்தபின், பழைய அழைப்புகளின் பட்டியலில். அந்த டிக், எண் உண்மை என்று மட்டுமே சொல்கிறது. பார்ப்பவரோ ஆள் யோக்கியன் என்று படித்துக்கொள்கிறார். முறையாகப் பணம் கட்டி எண் வாங்கிய மோசடிக்காரருக்கும் 'ஏ' கிடைக்கும். ஓரிடத்தில் எண் வாங்கி, வேறு நிறுவனம் வழியாக அழைக்கும் நேர்மையான அலுவலகத்துக்கு 'பி' விழலாம். பழைய இணைப்பகங்களைக் கடக்கும்போது கையொப்பமே உதிர்ந்துபோவதும் உண்டு.

இந்தியா வேறு வழியில் போனது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டே +91 என்று காட்டும் அழைப்புகளை எல்லையிலேயே மறிக்கும் அமைப்பை 2024 அக்டோபரில் தொடங்கினார்கள். முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை சுமார் 1.35 கோடி என்றது மத்திய அரசு. யார் யோக்கியர் என்று சான்று தர இது முயல்வதில்லை. பொய் என்று ஐயமறத் தெரிவதை மட்டும் வெட்டுகிறது. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் மோசடிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெளிநாட்டு எண்களிலேயே அழைக்கத் தொடங்கினார்கள். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டும் கும்பல்களோ வாட்ஸ்அப் வீடியோவில் வருகின்றன. இந்த வடிகட்டி அங்கே எட்டாது.

ஆக, சரிபார்ப்பு முறை வேண்டும்; குற்றவாளியைத் தேடுகிறவர்களுக்கு அது நல்ல ஆயுதம். அதைப் போன் திரையில் நற்சான்றாக ஒட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணமோ ஓடிபியோ கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கும் வங்கி எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.